குளியாளின் கருவிகள்

குளியாளின் கருவிகள் என்பவை, மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தலிலும் சங்கு குளித்தலிலும் ஈடுபட்டோர் கடலுக்குக் கொண்டு சென்ற பொருள்களைக் குறிக்கும். குளியாள் என்பது கடலில் மூழ்கி முத்துச்சிப்பி அல்லது சங்கு எடுப்பவரைக் குறிக்கும் சொல்லாகும். ஒரு கல், இரு கயிறுகள், ஒரு வலைப்பை ஆகியவையே இக்கருவிகளில் முதன்மையானவை. இவை மிக எளியவையாகத் தோன்றினாலும், ஒவ்வொன்றும் எந்தக் கையில் அல்லது எந்தக் காலில் இருக்கவேண்டும், எப்பொழுது கைவிடப்பட வேண்டும் என்பது ஒழுங்காக வகுக்கப்பட்டிருந்தது. ஒருமுறை இழுத்த மூச்சுக்குள் வேலை முடிய வேண்டும் என்பதால் இவ்வொழுங்கு உயிர்ப் பாதுகாப்புக்கும் இன்றியமையாததாக இருந்தது.

தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளித்தல் 1961-ஆம் ஆண்டுடன் நின்றுவிட்டது. சங்கு குளித்தல் தொடர்ந்து நடைபெற்று வந்துள்ளது. ஆயினும் அதன் கருவிகள் பெரிதும் மாறிவிட்டன.

பின்னணி

மன்னார் வளைகுடாவின் இந்தியப் பகுதியில், இராமேசுவரம் முதல் கன்னியாகுமரி வரையுள்ள கரையிலிருந்து ஏறத்தாழ 12 முதல் 25 கிலோமீட்டர் தொலைவில் முத்துச்சிப்பிகள் வாழும் பாறைத் திட்டுகள் உள்ளன. இவை பார் என அழைக்கப்படுகின்றன. தூத்துக்குடியை அடுத்துள்ள தோலாயிரம் பார் இவற்றுள் பெயர்பெற்றது. பார்கள் பொதுவாக 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் அமைந்துள்ளன. இந்த ஆழமே குளியாளின் கருவிகளின் வடிவத்தைத் தீர்மானித்தது எனலாம். கரையோரத்து ஆழமற்ற நீரில் இவை தேவைப்படா. இதைவிட மிக ஆழமான நீரில் இவை போதா.

இக்கரையின் முத்து மிகப் பழங்காலத்திலேயே புகழ்பெற்றிருந்தது. பாண்டியரின் துறைமுகமான கொற்கையின் முத்தைப் பற்றிச் சங்க நூல்கள் பேசுகின்றன. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் எரித்திரையக் கடல் பயண நூல், கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் கூறுகிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவும் இத்தொழிலைப் பற்றி எழுதியுள்ளார். கருவிகளைப் பற்றிய விரிவான குறிப்புகள் பிற்காலத்தில்தான் கிடைக்கின்றன. 1797-ஆம் ஆண்டின் முத்துக்குளிப்பைப் பற்றி லெ பெக் எழுதிய கட்டுரை, 1803-இல் வெளியான இராபர்ட் பெர்சிவலின் இலங்கை நூல், 1807-இல் வெளியான ஜேம்ஸ் கார்டினரின் நூல், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் எழுதியவை ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கன. இவற்றில் பல இலங்கைக் கரையில் கண்டவற்றை விவரிப்பவை. எனினும் வளைகுடாவின் இரு கரைகளிலும் குளித்தவர்களில் பலர் ஒரே ஊர்களைச் சேர்ந்தவர்கள். பயன்படுத்திய கருவிகளும் ஒன்றே.

சலாப முகாம்

முத்துக்குளிப்புப் பருவத்துக்குச் சலாபம் என்று பெயர். சலாபம் ஆண்டுதோறும் நடப்பதன்று. பார்களைச் சோதித்துப் பார்த்து, சிப்பிகள் முதிர்ந்துள்ளன என்று உறுதியான பின்னரே அரசு அறிவிப்புச் செய்யும். சில வேளைகளில் பல ஆண்டுகள் தொடர்ந்து சலாபமே இல்லாமற் போனதும் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அமைதியாக இருக்கும் பிப்ரவரி முதல் மே வரையிலான காலமே இதற்கு ஏற்றது.

அறிவிப்பு வந்ததும், ஆளரவமற்ற மணற்கரை ஒன்றில் சில வாரங்களுக்குள் ஒரு நகரம் எழும். மூங்கிற் கழிகளை மணலில் நட்டு, பனையோலையும் கீற்றும் துணியும் கொண்டு வேய்ந்த குடிசைகளே அந்நகரின் வீடுகள். தூத்துக்குடிப் பரதவரும், கீழக்கரை முதலிய ஊர்களின் முசுலிம் குளியாள்களும், இலங்கைக் கரையில் சலாபம் நடக்கும்போது அரேபியக் குளியாள்களும் அங்கே கூடினர். வணிகர், முத்துத் துளையிடுவோர், வட்டிக்குப் பணம் தருவோர், பலகாரம் விற்போர் எனப் பலரும் வந்தனர். 1906-ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டி முகாமில் அரசு அலுவலராகப் பணியாற்றிய லெனார்ட் வுல்ப் பின்னாளில் ஆங்கில எழுத்தாளராகப் பெயர்பெற்றார். அந்த முகாமைப் பற்றித் தம் நூலில் எழுதியுமிருக்கிறார். முகாமின் பேரச்சம் வாந்திபேதி. அந்நோய் பரவியதால் இடையிலேயே நிறுத்தப்பட்ட சலாபங்கள் உள்ளன.

முகாமுக்கு வரும் குளியாள் தன்னுடன் கொண்டுவந்தவை மிகச் சிலவே. தோணியிலேயே வந்திறங்கி, சலாபம் முடிந்ததும் தோணியிலேயே திரும்பவேண்டியிருந்ததால் இடம் குறைவு. தோணியில் ஏற்றப்பட்டவற்றுள் பெரும் எடை கற்களும் கயிறுகளுமேயாகும்.

தோணியின் ஒழுங்கு

தோணியின் தலைவர் தண்டல் எனப்பட்டார். ஒரு தோணியில் பொதுவாகப் பத்துக் குளியாள்களும், அவர்களுக்குத் துணையாகப் பத்துப் பேரும் சென்றனர். துணையாள்களை ஐரோப்பியக் குறிப்புகள் முண்டக்கு என்ற பெயரால் சுட்டுகின்றன. இவர்களைத் தவிர நீர் இறைப்பதற்குத் தோடி என்ற ஆளும் இருந்தான்.

பத்துக் குளியாள்களுக்கு ஐந்து கற்களே இருந்தன. ஐவர் மூழ்கி எழுந்து மூச்சு வாங்கும்போது மற்ற ஐவர் அதே கற்களைப் பயன்படுத்தி மூழ்குவர். இதனால் தோணியின் எடை குறைந்தது என்பது ஒருபுறம். ஒவ்வொரு குளியாளுக்கும் கட்டாயமாக ஓய்வு கிடைத்தது என்பது அதைவிடப் பெரிய பயனாகும். கல் கூடுதலாக இருந்திருந்தால், ஆசையினாலோ வற்புறுத்தலினாலோ ஓய்வின்றி மூழ்கியிருப்பர்.

தோணியின் இரு பக்கங்களிலும் நீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும்படி மரச்சட்டங்கள் கட்டப்பட்டன. ஒரு பக்கத்தில் மூன்று கற்களும் மறு பக்கத்தில் இரண்டு கற்களும் இச்சட்டங்களிலிருந்து தொங்கவிடப்பட்டன என்று கார்டினர் எழுதுகிறார். கயிறுகள் ஒன்றோடொன்று சிக்காமலிருக்க இந்த இடைவெளி தேவைப்பட்டது. ஐந்து பேர் கீழே இருக்கும்போது பத்துக் கயிறுகள் நீரில் இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் தேவை விளங்கும்.

நள்ளிரவை ஒட்டி, கரையில் பீரங்கி முழங்கியதும் தோணிகள் நிலக்காற்றில் புறப்படும். விடியும்போது பாரை அடையும். நண்பகல் வரை குளித்துவிட்டு, கடற்காற்று எழுந்ததும் கரை திரும்பும். நிலக்காற்றும் கடற்காற்றும் மாறிமாறி வீசுவதையே வண்டியாகக் கொண்ட தொழில் இது.

கருவிகள்

கல்: கருங்கல் அல்லது செந்நிறக் கருங்கல்லால் ஆனது. அடி பருத்தும் மேற்பகுதி குறுகியும் கூம்புபோல் இருக்கும். மேல் முனையில் கயிறு நுழையத் துளை உண்டு. எடை ஏறத்தாழ 30 இறாத்தல், அதாவது 14 கிலோகிராம் அளவிலும் அதற்குச் சற்று மேலும் இருந்தது. சில குளியாள்கள் பிறைவடிவான கல்லை வயிற்றில் கட்டிக்கொண்டு மூழ்கியதையும் பெர்சிவல் குறிப்பிடுகிறார். இவ்வாறு கட்டினால் கால்கள் கட்டற்று இருக்கும்.

கல்லின் பயனை இயற்பியல் வழி எளிதில் விளக்கலாம். நுரையீரல் நிறையக் காற்று உள்ள மனித உடல் கடல்நீரில் மிதக்கும். முதற் சில மீட்டர்கள் கீழே செல்வதற்கு நீந்துபவர் இந்த மிதப்பை எதிர்த்து உழைக்க வேண்டும். உழைப்பு மூச்சைத் தின்றுவிடும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகி நுரையீரலில் உள்ள காற்று பாதியளவாகச் சுருங்குகிறது. 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்காகிறது. மிதப்பும் அவ்வாறே குறைந்து, பின் உடல் தானே அமிழத் தொடங்கும். கல்லைப் பற்றிய குளியாள் ஒரு தசையையும் அசைக்காமல் இவ்வாழத்தைக் கடந்து, மூச்சு முழுவதையும் சிப்பி பொறுக்குவதற்கெனச் சேமித்து வைக்கிறான்.

கற்கயிறு: கல்லுடன் பிணைக்கப்பட்டது. இதன் மறுமுனை தோணியில் இருக்கும். குளியாள் அடியைத் தொட்டுக் காலை விடுவித்ததும் முண்டக்கு கல்லை உடனே மேலே இழுத்துவிடுவார். கல் அடியில் கிடக்கவிடப்படாததற்குக் காரணம் உண்டு. அது அடுத்த ஆளுக்குத் தேவை. மேலும் பாறையிடுக்கில் சிக்கினால் கல்லும் கயிறும் போகும்.

வலைப்பை: ஒரு வளையத்தில் பின்னிய கயிற்று வலை. வாய் எப்போதும் திறந்திருக்க வளையம் உதவியது. வலையாக இருந்தமையால் நீர் தடையின்றி வடிந்தது, மணலும் உதிர்ந்தது. சிப்பிகள் அடர்ந்த இடத்தில் ஒரே முழுக்கில் 150 வரை எடுக்கப்பட்டதாகவும், அடர்த்தியற்ற இடத்தில் ஐந்துகூடக் கிட்டாததாகவும் குறிப்புகள் உள்ளன. இந்த வேறுபாடே குளியாளின் வருமானத்தை ஒரு சூதாட்டமாக்கியது.

உயிர்க்கயிறு: வலைப்பையை ஒட்டியோ தனியாகவோ இருந்த இரண்டாவது கயிறு. குளியாள் இதனைக் கையில் பற்றியிருப்பான். இதனை வெட்டி இழுப்பதே மேலே தூக்குவதற்கான சைகை. வேறு சைகை இல்லை.

இவற்றைத் தவிர இடுப்பில் ஒரு சிறு துணி மட்டுமே உடுத்தினர். கண்ணாடியும் இல்லை, முகமூடியும் இல்லை. அரேபியக் குளியாள்கள் கொம்பினால் ஆன கவ்வியை மூக்கில் மாட்டினர். தமிழ்க் குளியாள்கள் பெரும்பாலும் விரல்களாலேயே மூக்கை அடைத்தனர். மூக்கை அடைத்து மெல்ல ஊதினால் செவிப்பறையின் இருபுறமும் அழுத்தம் சமமாகும். இன்றைய மூழ்குநர்களும் இதையே செய்கின்றனர். இது தவறினால் செவியில் வலியும் குருதிப்போக்கும் ஏற்படும். குளியாள்களின் காதிலும் மூக்கிலும் குருதி வடிந்ததைப் பெர்சிவல் எழுதியிருப்பது இதனாலேயே ஆகும்.

மூழ்கும் முறை

பெர்சிவல் தரும் விவரத்தில் கருவிகள் உடலில் பகிர்ந்தமைக்கப்பட்ட முறை தெளிவாக உள்ளது. வலது காலின் விரல்கள் கற்கயிற்றைப் பற்றும். இடது காலின் விரல்கள் வலைப்பையைப் பற்றும். வலது கை உயிர்க்கயிற்றைப் பிடிக்கும். இடது கை மூக்கை அடைக்கும். நான்கு உறுப்புகளுக்கும் நான்கு வேலைகள். மூழ்குமுன் எதையும் தேட வேண்டியதில்லை. கீழே சென்றபின் எதையும் அவிழ்க்க வேண்டியதுமில்லை. முடிச்சு என்பதே இங்கு எங்கும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. குளியாள் எல்லாவற்றையும் பற்றியிருக்கிறான், எதனோடும் கட்டப்பட்டிருக்கவில்லை. எது சிக்கினாலும் விரலைத் திறந்தால் போதும்.

அடியை அடைந்ததும் கல்லை விட்டு, வலைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மணலிலும் பாறையிலும் தவழ்ந்தவாறு சிப்பிகளைப் பொறுக்குவான். மூச்சு முடியும் தறுவாயில் உயிர்க்கயிற்றை இழுப்பான். மேலிருப்பவர்கள் அவனையும் பையையும் தூக்குவர். சிப்பி நிறைந்த பையுடன் ஆழத்திலிருந்து தானே நீந்தி எழுவது கடினம். அங்கே உடலின் மிதப்பும் குறைந்திருக்கும். ஆகவே இறங்குவதற்குக் கல் எவ்வளவு தேவையோ, ஏறுவதற்குப் பிறர் கை அவ்வளவு தேவை.

குளியாள்கள் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் நீரடியில் இருந்ததாகச் சொல்லப்படுவன மிகையானவை. கடிகாரம் கொண்டு அளந்தவர்கள், பெரும்பாலான முழுக்குகள் ஒரு நிமிடத்தை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருந்ததைக் கண்டனர். ஒரு நாளில் நாற்பது, ஐம்பது முறை மூழ்கியதாகக் கூறப்படுகிறது. அவ்வாறாயின் நாள் முழுதும் உழைத்த ஒருவன் உண்மையில் கடலடியில் இருந்த நேரம் ஒரு மணிக்கும் குறைவே.

கயிறு பிடிப்பவர்

கருவிகளின் பட்டியலில் முண்டக்கைச் சேர்ப்பது பொருந்துமா என்ற கேள்வி எழலாம். உயிர்க்கயிற்றின் மறுமுனை அவர் கையில்தான் இருந்தது என்பதால் அவரை விட்டுவிட்டு இக்கருவிகளை விளக்க இயலாது. அவர் கவனம் சிதறினால் கயிறு வெறும் கயிறுதான்.

கயிற்றைப் பிடிப்பவர் குளியாளின் மைத்துனராக இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கு தென் தமிழகக் கரையில் பரவலாகச் சொல்லப்படுகிறது. தன் உடன்பிறந்தவள் கைம்பெண்ணாகக் கூடாது என்ற அக்கறையில் மச்சான் கயிற்றை விடமாட்டான் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். எல்லாத் தோணிகளிலும் இவ்வாறே நடந்தது என்று கொள்வதற்கில்லை. பத்துக் குளியாள்களுக்கும் ஒரே தோணியில் மைத்துனர் அமைவது அரிது. எனினும், கருவிகளிலெல்லாம் எதனைப் பற்றி அக்கரை மக்கள் மிகுதியாகக் கவலைப்பட்டனர் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

கடல்கட்டி

சுறாமீன்களின் அச்சத்துக்கு எதிராகக் குளியாள் எந்தக் கருவியையும் கொண்டு செல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கடல்கட்டி என்பவர் இருந்தார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர் என்று நம்பப்பட்ட இவர் இல்லாமல் குளியாள்கள் கடலில் இறங்க மறுத்தனர். மார்க்கோ போலோவும் இத்தகையோரைப் பற்றிக் கூறியிருக்கிறார். எடுக்கப்படுவதில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கொடுக்கப்பட்டதாம். ஆங்கில ஆட்சிக் காலத்திலும் அரசு இவர்களை ஏற்றுக்கொண்டு நடத்தியது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கைக் கரையில் இப்பணியைச் செய்த பரம்பரையினர் கத்தோலிக்கக் கிறித்தவராக இருந்தனர் என டெனன்ட் குறிப்பிடுவது சுவையான செய்தியாகும். மந்திரத்தால் சுறா விலகியதோ இல்லையோ, ஐம்பது முறை மூழ்க வேண்டிய ஒருவனுக்குப் பதற்றமின்மை பெரிய துணை. பதறுபவனின் மூச்சு விரைவில் தீரும்.

கல் ஓர் அளவாக

ஒல்லாந்தர் 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றியபின் நடந்த சலாபங்களில், வரி கல்லின் எண்ணிக்கையைக் கொண்டே விதிக்கப்பட்டது. மதுரை நாயக்கர், இராமநாதபுரம் சேதுபதி, பரதவரின் பட்டங்கட்டிகள் ஆகியோருக்கு வரியில்லாக் கற்கள் இத்தனை என்று ஒதுக்கப்பட்டிருந்தன. கயிறு நுழைந்த ஒரு கருங்கல், இவ்வாறு ஆட்சியாளர்களின் கணக்கேட்டில் உரிமையின் அலகாகவே ஆயிற்று. தோணியைக் கொண்டு கணக்கிட்டால் சிறிய தோணிக்கும் பெரிய தோணிக்கும் வேறுபாடு தெரியாது. கல்லை எண்ணினால் எத்தனை பேர் மாறிமாறி மூழ்குவர் என்பது தெரிந்துவிடும்.

பின்னர் ஆங்கிலேயர் காலத்தில், கரைக்கு வந்த சிப்பிகளைக் கொட்டு எனப்படும் வேலியிட்ட களத்தில் மூன்று குவியல்களாகப் பிரித்து, இரண்டை அரசும் ஒன்றைக் குளியாள்களும் எடுத்துக்கொள்ளும் முறை நிலவியது. அரசின் பங்கு ஆயிரம் சிப்பிகளுக்கு இவ்வளவு என ஏலம் விடப்பட்டது. திறவாத சிப்பியில் முத்து உண்டா இல்லையா என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

பிற நாடுகளில்

பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்போரும் கால்கல், வலைக்கூடை, இரு கயிறுகள், மேலே ஓர் இழுப்பாள் என்ற இதே அமைப்பையே கொண்டிருந்தனர். மூக்குக் கவ்வியும், சிப்பியின் கூர்விளிம்பு கீறாமலிருக்க விரல்களில் மாட்டும் தோலுறைகளும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. சப்பானில் மூழ்கும் பெண்களான அமாக்களில் ஒரு பிரிவினர் எடைக்கல்லுடன் இறங்குவர். படகிலிருந்து கயிற்றை இழுப்பவர் பெரும்பாலும் கணவர். மைத்துனர் கதையுடன் இதனை ஒப்பிடலாம்.

இன்றைய நிலை

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த சலாபங்களே இறுதியானவை. அதன்பின் பார்களில் போதிய சிப்பிகள் சேரவில்லை. மத்திய கடல் மீன்வள ஆய்வு நிறுவனத்தினர் 1973-இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். 1981-இல் தூத்துக்குடியில் சிப்பிக் குஞ்சுகளை உற்பத்தி செய்வதிலும் வெற்றி கண்டனர். இயற்கைப் பார்களில் கல்லோடு இறங்கும் தொழில் மீளவில்லை.

சங்கு குளிப்பவர்களிடம் முதலில் கண்ணாடி முகமூடியும், துடுப்புபோல் பாதங்களில் கட்டிய உலோகத் தகடுகளும் வந்து சேர்ந்தன. பின்னர் படகில் வைத்த காற்றழுத்திப் பொறியிலிருந்து நீண்ட குழாய் வழியே காற்றைப் பெற்று மூழ்கும் முறை பரவியது. இதனால் மூச்சின் எல்லை நீங்கியது. ஒரு நிமிடத்துக்குப் பதிலாக மணிக்கணக்கில் அடியில் இருக்க முடிந்தது.

ஆனால் பழைய முறையில் பெரும்பாலும் இல்லாதிருந்த ஓர் ஆபத்து இதனுடன் வந்தது. அழுத்தத்தில் நெடுநேரம் காற்றைச் சுவாசிப்பவரின் குருதியிலும் திசுக்களிலும் நைதரசன் மிகுதியாகக் கரைகிறது. அவர் விரைந்து மேலே வந்தால், திறந்த சோடாப் போத்தலில் போல அது குமிழிகளாக வெளிப்படுகிறது. மூட்டுவலி, கைகால் முடக்கம், உயிரிழப்பு ஆகியவை இதனால் நேரக்கூடும். ஒரே மூச்சில் மூழ்கியவன் கூடுதலாகக் காற்று எதையும் உள்ளே வாங்கவில்லை. கீழே இருந்த நேரமும் குறைவு. அவனுடைய மூச்சே அவனுக்குக் கடிகாரமாக இருந்து, ஆபத்து நேருமுன் மேலே அனுப்பியது. குழாயில் காற்றுப் பெறுபவருக்கு அத்தகைய கடிகாரம் இல்லை. ஆழமும் நேரமும் காட்டும் கருவியும், படிப்படியாக நின்று மேலேறும் பயிற்சியும், பாதிக்கப்பட்டவரை வைத்துச் சிகிச்சை தரும் அழுத்த அறையும் அவருக்குத் தேவை. குழாய் கரைக்கு வந்த வேகத்தில் இவை வரவில்லை. படகில் இருப்பவர் இப்பொழுதும் குழாயைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்; ஆனால் பொறி நின்றுபோகாமல் பார்ப்பதே அவருடைய முதல் வேலையாகிவிட்டது.